மாடல் ரயில் எஞ்சின் நகரவில்லையா? டீகோடரைக் கழற்றும் முன் சிவி 19-ஐப் பாருங்கள்

நண்பர்களே, வணக்கம்.

விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆனால் சக்கரம் அசையவில்லை என்றால் டீகோடர் (எஞ்சினுக்குள் இருந்து டிஜிட்டல் கட்டளைகளை வாங்கி நடத்தும் சிறு சர்க்யூட்) பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். முன்பு இரண்டு எஞ்சின்களைச் சேர்த்து ஓட்டியபோது கொடுத்த கூட்டு முகவரி (கன்ட்ரோலர் இரண்டையும் சேர்த்து அழைக்கும் எண்) சிவி 19-ல் தங்கியிருக்கும். சிவி என்பது டீகோடரில் ஓர் அமைப்பின் மதிப்பைச் சேமிக்கும், எண்ணிட்ட இடம். அங்கே 0 எழுதுங்கள், ஓடிவிடும். இது தெரியாமல் என் டீசல் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி ஒரு மாலை முழுவதும் ஒயர் ஒயராகத் தேடியிருக்கிறேன்.

அடுத்தது நான்கு இலக்க முகவரி. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சினின் மாடலுக்கு 4472 வைக்க வேண்டும் என்று வையுங்கள். 256-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 120. ஈவோடு 192 கூட்டி சிவி 17-ல் 209, சிவி 18-ல் 120. சரி, எழுதியாயிற்று. ஆனால் சிவி 29-ல் 32 கூட்டாவிட்டால் எஞ்சின் சிவி 1-ல் உள்ள பழைய முகவரிக்குத்தான் பதில் சொல்லும். சிவி 29-ல் 6 இருந்தால் 38 ஆக்குங்கள். பாதிப் பேர் தடுக்குவது இங்கேதான்.

புரோகிராமிங் டிராக்கில் (சிவிகளைப் படிக்கவும் எழுதவும் தனியாக வைக்கும் தண்டவாளம்) ஒரே ஒரு எஞ்சின் மட்டும் இருக்கட்டும். சிவியைப் படிக்கும்போது மோட்டார் லேசாகத் துடிக்கும், அதுதான் டீகோடரின் பதில். துடிப்பே இல்லையென்றால் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி படியுங்கள்.

அப்படியும் நடக்கவில்லையென்றால், பல டீகோடர்களில் சிவி 8-ல் 8 எழுதினால் முகவரி 3-க்குத் திரும்பிவிடும். வேக அமைப்புகளும் அழிந்துபோகும், அதனால் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்கினால் சிவி 1, 17, 18, 19, 29 மதிப்புகளை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.