மீன் தொட்டியில் மண்டியதை ராமேஸ்வரத்தில் விடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீட்டில் கடல் மீன் தொட்டி வைப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பவளம் வளர்க்கிற தொட்டியைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினாலே எனக்குச் சந்தோஷம். ஆனால் தொட்டியில் வேண்டாதது மண்டிவிட்டால் என்ன செய்வது என்று கடைசியில் சொன்ன மூன்று யோசனைகளும் தப்பு. பிளேடால் சுரண்டுங்கள், பாறையை எடுத்துக் கொதிக்க வையுங்கள், எதற்கும் சரிப்படாவிட்டால் ராமேஸ்வரம் போகும்போது கடலிலேயே விட்டுவிடுங்கள் என்று இருந்தது. அந்த மூன்றாவதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

கே.புதூரில் எங்கள் வீட்டு ஹாலில் நான்கடி நீளத் தொட்டி, சுமார் 250 லிட்டர், ஆறு வருடமாக ஓடுகிறது. இரண்டாவது வருடம் வாங்கிய லைவ் ராக் (உயிர்கள் ஒட்டி வாழும் கடல் பாறைத் துண்டு) ஒன்றில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, பழுப்பு நிறத்தில், குட்டிப் பனைமரம் மாதிரி தலையை விரித்துக்கொண்டு ஏதோ ஒன்று நின்றது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். அதுதான் ஐப்டேசியா. கடல் அனிமோன் இனம், கொட்டும், பக்கத்தில் இருக்கிற பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சுருங்க வைத்துவிடும். ஆறு மாதம் கழித்து எண்ணினால் முப்பதுக்கு மேல். நானும் பிளேடால்தான் சுரண்டினேன். அடிப்பாதத்தில் ஒரு துணுக்கு பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், அது ஒரு முழு உயிராக வளர்ந்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வயலில் கோரையை இழுத்தால் தாள் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் நின்றுகொள்ளும், அந்தக் கதைதான். அடுத்த மாதம் பம்பு இடுக்கில், கண்ணாடி ஓரத்தில், மணலை ஒட்டி என்று எங்கு பார்த்தாலும் அதுதான் நின்றது.

கடைசியில் கைகொடுத்தது சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுகிறோமே, அந்த நீற்றுச் சுண்ணாம்புதான் (ரோஸ் நிறம் சேர்த்த டப்பாவை வாங்கிவிடாதீர்கள், எதுவும் கலக்காத சுத்தமான தூள் வேண்டும்). ஆர்.ஓ. தண்ணீரில் தயிர் பதத்துக்குக் குழைத்து, ஊசி முனை மழுங்கிய சிரிஞ்சில் எடுத்துக்கொள்ள வேண்டும். பம்புகளை நிறுத்திவிட்டு, அது உடம்பை உள்ளே இழுத்துக்கொள்ளாதபடி மெதுவாகக் கிட்டே போய் வாயின் மேலேயே ஒரு சொட்டு வைத்து, கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் கூடாது, சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும், மீனும் பவளமும் தாங்காது. எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பெப்பர்மின்ட் இறால் கிடைத்தால் நான்கைந்து வாங்கி விடுங்கள், சின்னச் சின்னதை எல்லாம் அது தின்றுவிடும். கூடவே மீனுக்குப் போடும் தீனியையும் குறைக்க வேண்டும், மிஞ்சுகிற தீனியில்தான் ஐப்டேசியாவும் பாசியும் கொழுக்கின்றன.

பாறையைக் கொதிக்க வைக்கச் சொன்னது இதைவிட ஆபத்து. பாறையில் சோவாந்திட் எனும் பொத்தான் பவளம் ஒட்டியிருந்தால் அதில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கலாம். அடுப்பில் வைத்தால் ஆவியோடு அதுவும் கிளம்பும். இப்படி வீட்டுக்குள் கொதிக்க வைத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

சரி, கடலில் விடுகிற விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் எங்கள் தெருவில் ஒருவர் தொட்டியை மூடினார். மீன், பவளம், சம்ப்பில் (தண்ணீரைச் சுத்தப்படுத்தும் துணைத் தொட்டியில்) வளர்த்த காலர்ப்பா என்ற கடல் பாசி எல்லாவற்றையும் வாளியில் எடுத்துக்கொண்டு அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனவர், தர்ப்பணம் முடித்து அக்னி தீர்த்தத்தில் விட்டுவிட்டு வந்தார். உயிர்களைக் கொல்லாமல் வந்த இடத்துக்கே அனுப்பிவிட்டோம் என்று மனநிறைவோடு சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அதனால்தான் எனக்கு இன்னும் வருத்தம். அவை அங்கிருந்து வந்தவையே இல்லை. நம் கடைகளுக்கு இந்தோனேசியாவிலிருந்து வரும், கரீபியன் கடலிலிருந்து வரும், எதனோடு எது ஒட்டிக்கொண்டு வருகிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், 1986-இல் தேசியக் கடல் பூங்காவாக அறிவித்துக் காப்பாற்றி வரும் பவளப்பாறைகள். அங்கே ஏற்கெனவே பட்டிருக்கிறோம். மண்டபம் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ், அந்தப் பக்கத்துச் சனங்கள் பெப்சி பாசி என்பார்களே, அது குருசடைத் தீவில் உயிரோடு இருந்த பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்து வெளிச்சத்தை மறைத்துக் கொன்றது. 2008-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர்கள் நம் மதுரை தியாகராசர் கல்லூரிக்காரர்கள். கையால் பிடுங்கி எடுத்தாலும் ஒரு துணுக்கு மீந்தால் மறுபடி வளர்கிறது. அந்தப் பாசி வளர்ப்பை நம்பிப் பிழைக்கிற பெண்கள் நிறையப் பேர் என்பதும் தெரியும், அவர்களை நான் குறை சொல்லவில்லை. பிழைப்புக்காக வந்ததே இப்படிப் படர்ந்தது என்றால், பொழுதுபோக்குக்கு வளர்த்ததை வாளியோடு கவிழ்க்க நமக்கு என்ன உரிமை?

காலர்ப்பாவில் டாக்ஸிஃபோலியா என்று ஒரு வகை. 1984-இல் மொனாக்கோவில், கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே ஒரு சதுர மீட்டர் அளவில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. அப்புறம் மத்தியதரைக் கடலில் பல நாட்டுக் கரைகளுக்குப் பரவிவிட்டது, இன்று வரை ஒழிக்க முடியவில்லை. 2000-இல் கலிபோர்னியாவில் ஒரு காயலில் அதையே பார்த்ததும் தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் விட்டார்கள். ஒழிந்தது என்று சொல்ல 2006 ஆனது. இவ்வளவு தூரம் போவானேன், நம் வைகையிலும் கண்மாய்களிலும் கிடக்கிற ஆகாயத்தாமரையும் பூ அழகாக இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததுதான்.

தொட்டியிலிருந்து எடுத்ததை என்ன செய்வது என்று கேட்டால், பாசியை மொட்டைமாடியில் பரப்பிவிடுங்கள், நம் ஊர் வெயிலுக்கு இரண்டு நாளில் சருகாகிவிடும், குப்பையில் போடலாம். கழுவிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு இரவு வைத்துவிட்டுக் கழிப்பறையில் ஊற்றுங்கள். மீனையும் பவளத்தையும் தொட்டி வைத்திருக்கிற வேறு யாருக்காவது கொடுங்கள், இல்லையென்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். புதிதாக வாங்குகிற எதையும் மூன்று நான்கு வாரம் தனி டப்பில் வைத்து, ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் விட்டால் இந்தப் பாடே வராது. நம் கடலில் எடுத்த கல் பவளம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஆசிரியர் அவர்களே, அந்த மூன்று யோசனைகளையும் திருத்தி அதே இணைப்பில் ஒரு குறிப்பு போடுங்கள். ஆடி அமாவாசைக்கு இங்கிருந்து ராமேஸ்வரத்துக்குப் பேருந்து பேருந்தாகச் சனங்கள் போவார்கள், அதற்கு முந்தைய ஞாயிறே வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கே.புதூர், மதுரை