செஸ்டர்ஃபீல்டு ஸ்டாப்பர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. மகளுக்குப் பரீட்சை, வீட்டில் வெள்ளையடிப்பு என்று உட்கார்ந்து எழுத நேரமே அமையவில்லை. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கம்பு ஊன்றாமல் நடக்கிறாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. அவசரப்பட்டு மாடிப்படி ஏறாதே.

பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் கோச்சாகக் கூப்பிடுகிறார்கள், பெரிய டீம் எதிலும் ஆடாத நான் போய் என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து ஒரே ஆள்தான் நினைவுக்கு வருகிறார். ஷான் டைச். இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான பர்ன்லிக்கு மேனேஜராக இருந்தபோது டிவியில் பார்த்திருப்பாய்: செம்பட்டைத் தாடி, தொண்டை கட்டிப்போன மாதிரி கரகரத்த குரல். அவரும் உன்னை மாதிரி, கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர்தான். உயர்ந்த டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடாத ஸ்டாப்பர்.

1971-இல் கெட்டரிங்கில் பிறந்தவர். பிரையன் கிளஃப் மேனேஜராக இருந்த காலத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். அங்கே முதல் அணியில் ஒரு முறைகூட இறங்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1990-இல் கீழ் டிவிஷனில் இருந்த செஸ்டர்ஃபீல்டுக்குப் போனார். முறுக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கும் தேவாலயக் கோபுரத்துக்குப் பேர்போன சின்ன ஊர் அது. ஏழு வருடம் அங்கேயே ஆடினார், கேப்டனும் ஆனார்.

அந்த ஏழாவது வருடத்தைப் பற்றித்தான் உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா டிவிஷன் அணிகளும் மோதுகிற எஃப்.ஏ. கோப்பை, 1996-97. செஸ்டர்ஃபீல்டு அப்போது மூன்றாம் அடுக்கில் இருந்தது. ஐந்தாம் சுற்றில், உயர்ந்த டிவிஷனான பிரீமியர் லீக்கில் இருந்த ஃபாரஸ்டையே 1-0 என்று வீழ்த்தினார்கள். ஏப்ரல் 13, ஓல்டு டிராஃபோர்டில் அரையிறுதி. எதிரே பிரேசிலின் ஜூனினோ, இத்தாலியின் ரவனெல்லி எல்லாம் ஆடிய மிடில்ஸ்பரோ. மிடில்ஸ்பரோவில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு ஆண்டி மாரிஸ் முதல் கோல் அடித்தார். கொஞ்ச நேரத்தில் பெனால்டி. பந்தை எடுத்து வைத்தவர் டைச். கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை, ஆனாலும் ஓங்கி அடித்தார். 2-0!

மூன்றாம் அடுக்கு அணி எதுவும் அதுவரை அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போனதில்லை. ரவனெல்லி ஒன்று திருப்பினார். அப்புறம்தான் அது நடந்தது. ஜொனாதன் ஹோவர்டு அடித்த பந்து கிராஸ் பாரின் அடியில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது. நடுவர் டேவிட் எல்லரி கோல் தரவில்லை. நான் அந்தத் துண்டை எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். பந்து உள்ளேதான் விழுந்தது. கொடுத்திருந்தால் 3-1. கொடுக்காததால் அடுத்த சில நிமிடத்தில் மிடில்ஸ்பரோ பெனால்டியில் சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் முந்தியும்விட்டது.

நீயும் நானும் எத்தனை தடவை இந்த மாதிரி நேரத்தில் நடுவரிடம் கத்திக்கொண்டே ஆட்டத்தைக் கோட்டை விட்டிருக்கிறோம்? செஸ்டர்ஃபீல்டுக்காரர்கள் விடவில்லை. 119-ஆவது நிமிடத்தில் அந்த ஊர்ப் பையன் ஜேமி ஹியூவிட் தலையால் முட்டிய பந்து மெல்ல வளைந்து போய் உள்ளே விழுந்தது. 3-3. மறு ஆட்டத்தில் 3-0 என்று தோற்றார்கள், சரி. ஆனால் அந்த ஹெடரைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதன்பிறகு பிரிஸ்டல் சிட்டி, மில்வால், வாட்ஃபோர்டு, கடைசியாக நார்தாம்டன். 2007-இல் பூட்ஸைக் கழற்றினார். வாட்ஃபோர்டில் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கி, உதவிப் பயிற்சியாளராகி, 2011-இல் மேனேஜர் ஆனார். பதினோராவது இடம் பிடித்துக் கொடுத்தும் கிளப் கைமாறியதும் வேலை போயிற்று. 2012 அக்டோபரில் பர்ன்லி அழைத்தது.

பர்ன்லி பழைய பஞ்சாலை ஊர். கையில் காசில்லாத கிளப். 2013-14-இல் பிரீமியர் லீக்குக்கு ஏறிய அந்த சீசனில் காசு கொடுத்து வாங்கியது ஆஷ்லி பார்ன்ஸ் ஒருவரைத்தான். அடுத்த வருடமே இறங்கினார்கள். மற்ற கிளப்பாக இருந்தால் அன்றைக்கே மேனேஜரை அனுப்பியிருக்கும். இவர்கள் வைத்துக்கொண்டார்கள். மறு வருடம் கடைசி 23 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லாமல் சாம்பியனாக ஏறி வந்தார்கள்.

2017-18-இல் 38 ஆட்டத்தில் அடித்தது வெறும் 36 கோல், வாங்கியது 39. பிடித்த இடம் ஏழு! 51 வருடத்துக்குப் பிறகு ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். ஊரில் ஒரு மதுக்கடை அவர் பெயரையே வைத்துக்கொண்டது. சும்மா பந்தைத் தூக்கி அடிக்கிற டீம் என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நான்கு நான்கு பேராக இரண்டு வரிசை, நடுவில் ஆள் நுழைய இடமில்லாமல் நெருக்கமாக நிற்பார்கள். எதிரி ஓரத்துக்குத்தான் போயாக வேண்டும், அங்கிருந்துதான் பந்தைத் தூக்கிப் போட்டாக வேண்டும். உள்ளே ஸ்டாப்பர்கள் டார்கோவ்ஸ்கியும் பென் மீயும் காத்திருப்பார்கள். ஒருவர் பந்துக்குத் தாவினால் மற்றவர் இரண்டடி பின்னால் வந்து அந்த இடத்தை மூடுவார். நீ தாவும்போது நான் லெஃப்ட் பேக்கிலிருந்து உள்ளே ஓடி வருவேனே, அதே கணக்கு.

அந்த ஆட்கள் யார் என்று பார். மீ, மான்செஸ்டர் சிட்டியில் இடம் கிடைக்காமல் வந்தவர். கோல்கீப்பர் நிக் போப், பதினாறு வயதில் இப்ஸ்விச் வேண்டாம் என்று அனுப்பிய பையன். 2018 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து அணியோடு போனார். திறமை கொட்டிக் கிடந்தவனுக்கு, தனக்குத் தானாக வந்ததைப் பிறத்தியாருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாது. எங்கே நிற்பது, எப்போது தாவுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுப் பிழைத்தவனுக்குத் தெரியும். டைச்சிடம் நான் பார்த்தது அதைத்தான். அது உன்னிடமும் இருக்கிறது, மாப்பிள்ளை.

பர்ன்லி 2022-இல் அவரை அனுப்பிவிட்டது. எட்டு ஆட்டம் பாக்கி இருக்கும்போது அப்படிச் செய்தது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. பிறகு எவர்ட்டன் கிளப். முதல் ஆட்டத்தில், முதலிடத்தில் இருந்த ஆர்சனலை 1-0 என்று வென்றார்கள். கார்னரிலிருந்து தலையால் முட்டியது யார் தெரியுமா? அதே டார்கோவ்ஸ்கி. 2025 ஜனவரியில் அங்கும் முடிந்தது. அந்த அக்டோபரில் கூப்பிட்டது நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்காத கிளப்புக்கே 54 வயதில் மேனேஜராகப் போய் நின்றார். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் நாள் பையன்களை நிற்கவைத்து என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்று எழுது. கார்னருக்கு யார் எங்கே நிற்பது என்பதிலிருந்து தொடங்கேன். பொங்கல் லீவில் நான் வருகிறேன். பந்தைத் தூக்கிப் போட ஒரு ஆள் வேண்டுமே.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய லெஃப்ட் பேக்