மெயில் வரவில்லை என்று கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள்: குமரி மாவட்டச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கன்னியாகுமரி மாவட்டத்தின் வணிகர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளி அலுவலகங்கள் ஆகியவற்றின் தலைவர்கள், செயலாளர்கள்.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் நாங்கள். உங்கள் உறுப்பினர்களின் அலுவலகங்களில் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மெயில் நிரல் திடீரென்று புது மெயில் வாங்காமல் நின்றுவிட்டால், அடுத்த வார்த்தை "ஃபார்மட் பண்ணிக் குடுங்க" என்பதாகவே இருக்கிறது, அதாவது டிரைவை முழுதும் அழித்து எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்வது. எங்கள் தொழிலிலும் சிலர் மறுபேச்சில்லாமல் அதைச் செய்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். உங்கள் மாதக் கூட்டத்தில் ஒருமுறை இதை வாசித்துக் காட்டினால் பல அலுவலகங்களின் பழைய கடிதங்கள் பிழைக்கும்.

மெயில் கணக்கு கணினியில் இரண்டு முறைகளில் ஒன்றில் சேர்க்கப்பட்டிருக்கும். ஐமேப் முறை என்றால் மெயில், சேவை தரும் நிறுவனத்தின் கணினியான சர்வரில் இருக்கிறது, கணினியில் தெரிவது அதன் நகல். பாப் முறை என்றால் மெயில் கணினிக்கு இறங்கிவிடும், சர்வரில் இருப்பது சில நாளில் அழியும். அவுட்லுக்கில் 14 நாள் கழித்து சர்வரிலிருந்து நீக்கும்படி வைத்திருப்பது சாதாரணம். அப்படியானால் பத்து வருடத்துக் கிராம்பு ஆர்டர், முந்திரி விலைப்பட்டியல், கயிறு ஏற்றுமதிக் கணக்கு எல்லாம் சி டிரைவில், அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் ஒரேயொரு பிஎஸ்டி கோப்புக்குள் கிடக்கின்றன. அந்த டிரைவை அழித்தால் அத்தனையும் போயிற்று. தண்டர்பேர்டில் கணக்கை நீக்கும்போது மெயில்களையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு சிறு கட்டம் வரும். அவசரத்தில் அதில் டிக் போட்டுவிட்டாலும் இதே கதிதான்.

ஆகவே யாரும் எதையும் தொடுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குரோம் போன்ற பிரவுசரில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். புது மெயில் அங்கே இருக்கிறதா, இல்லையா? இருந்தால் கோளாறு உங்கள் கணினியில். அங்கேயும் இல்லையென்றால் கணினியை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் மெயில் வரப்போவதில்லை. இரண்டு நிமிட வேலைதான், பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

பிரவுசரிலும் இல்லை என்றால் முதலில் இடம் தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. கூகுள் டிரைவ், போட்டோஸ், ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அதே 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏற்றும் படங்களும் கணக்கில் சேர்கின்றன. அலுவலக முகவரியை ஒருவரின் கைப்பேசியில் போட்டு, அந்தப் போனில் கல்யாண வீடியோக்கள் ஏறிக்கொண்டிருந்தால் கடைசியில் நின்றுபோவது ஆர்டர் மெயில்தான். இடம் நிறைந்தால் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும், உங்களுக்கு ஒரு தடயமும் இருக்காது. தேடல் பெட்டியின் வடிகட்டியில் 10 எம்பிக்கு மேற்பட்டவற்றைத் தேடி, வேண்டாதவற்றை நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். தொட்டியில் கிடப்பது 30 நாள் வரை இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

கம்பெனி பெயரில் சொந்த டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வைத்திருப்பவர்கள், அதன் வருடாந்திரக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று பாருங்கள். டொமைன் காலாவதியானால் இணையதளமும் மெயிலும் ஒன்றாகப் படுத்துவிடும்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எங்களுக்குப் பயம். கணக்குக்குள் வேறொருவர் நுழைந்து, வருகிற மெயிலைத் தன் முகவரிக்குத் திருப்பிவிட்டு, உங்கள் இன்பாக்ஸில் தெரியாதபடி மறைத்து வைத்திருக்கலாம். ஒருவரிடமிருந்து மட்டும் மெயில் வரவில்லை, மற்றவை வருகின்றன என்றால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் பகுதியையும் ஃபில்டர் பட்டியலையும் திறந்து வரிவரியாகப் படியுங்கள். நீங்கள் போடாத விதி ஒன்று இருந்தால் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள். பணம் அனுப்பவிருக்கும் வாடிக்கையாளர்களை உடனே தொலைபேசியில் அழைத்து, வங்கிக் கணக்கு எண் மாறவில்லை என்று சொல்லுங்கள். வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்ளும் மெயிலின் நடுவில் புகுந்து, பில்லில் கணக்கு எண்ணை மாற்றுவதுதான் இந்தத் திருட்டின் வழி. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகாரை அன்றே பதிவு செய்யுங்கள்.

இனி, பிரவுசரில் மெயில் இருக்கிறது, கணினிக்கு மட்டும் இறங்கவில்லை என்கிற நிலை.

அவுட்லுக்கின் அடிப்பட்டையில் வலப்பக்க ஓரத்தைப் பாருங்கள். "வொர்க்கிங் ஆஃப்லைன்" என்று எழுதியிருந்தால், மேலே சென்ட்/ரிசீவ் பட்டியில் வொர்க் ஆஃப்லைன் பொத்தான் அழுந்தி நிற்கிறது. ஒரு தடவை தட்டினால் போதும். தண்டர்பேர்டில் இடப்பக்க அடி மூலையிலுள்ள சிறு படம்தான் அந்தப் பொத்தான், கை தவறிப் பட்டாலும் தொடர்பு அறுந்துவிடும். வாடிக்கையாளரிடம் இதற்குக் கட்டணம் வாங்குவது சரியில்லை என்பது எங்கள் கருத்து.

பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டுத் திரும்பத் திரும்ப ஒரு பெட்டி வந்தால், அங்கேதான் அதிகம் நிதானம் வேண்டும். பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும், ஆனாலும் ஏற்காது. வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைகிற பழைய முறையைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 அன்று கூகுள் நிறுத்திவிட்டது. அவுட்லுக் டாட் காம், ஹாட்மெயில் முகவரிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 அன்று நிறுத்தியது. இந்த மாற்றம் தெரியாமல் பாஸ்வேர்டை மாற்றுவதும், மறுபடி மாற்றுவதும், கடைசியில் கணக்கே பூட்டிக்கொள்வதும் வாடிக்கையாகிவிட்டது.

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு வழி சுலபம். அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் பக்கம் போய், ஐமேப் கணக்குக்குப் போர்ட் 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், ஆதென்டிகேஷன் முறை ஓஆத்2 (கூகுளின் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி தரும் புதிய முறை) என்று வையுங்கள். பாப் என்றால் போர்ட் 995. பிறகு செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் சேமித்த பாஸ்வேர்டுகளின் பட்டியலைத் திறந்து, அந்த முகவரிக்கான பழைய வரிகளை நீக்கிவிட்டு தண்டர்பேர்டை மூடித் திறங்கள். கூகுளின் நுழைவுப் பக்கம் ஒரு சிறு ஜன்னலாக வரும். அது வெள்ளையாகவே நின்றாலோ, உள்ளே நுழைந்த பிறகும் மறுபடி அதையே கேட்டாலோ, தண்டர்பேர்டில் குக்கீ (நுழைந்ததை நினைவில் வைக்கச் சேமிக்கும் சிறு குறிப்பு) தடுக்கப்பட்டிருக்கிறதா என்று அதே பிரைவசி பகுதியில் பாருங்கள். குக்கீயை அனுமதித்தால்தான் இந்த முறை வேலை செய்யும்.

பழைய அவுட்லுக்கில் ஜிமெயில் என்றால் ஆப் பாஸ்வேர்டு வேண்டும், அதாவது அந்த நிரலுக்கென்று கூகுள் தனியாகத் தரும் பாஸ்வேர்டு. கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் இரண்டு படிச் சரிபார்ப்பை முதலில் இயக்க வேண்டும், அது இல்லாமல் ஆப் பாஸ்வேர்டு கிடைக்காது. நான்கு நான்காகப் பிரித்து 16 எழுத்துகள் திரையில் வரும். அவற்றை இடைவெளியில்லாமல் அவுட்லுக்கின் பாஸ்வேர்டு கட்டத்தில் போடுங்கள். ஜன்னலை மூடினால் அந்த எழுத்துகளை மறுபடி பார்க்க முடியாது. பலர் கோட்டைவிடுகிற இடம் ஒன்று: கூகுள் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை என்றைக்கு மாற்றினாலும், முன்பு எடுத்த ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் அந்த நொடியே செல்லாதவை ஆகிவிடும். போனில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கணினியில் மெயில் நின்றதற்கு மழையையும் இன்டர்நெட்டையும் குறை சொல்லிப் பயனில்லை. புதிதாக ஒன்று எடுத்துப் போட வேண்டியதுதான்.

ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் முகவரிகளுக்கு ஆப் பாஸ்வேர்டும் இப்போது உதவாது. 2010, 2013 அவுட்லுக்கில் அவற்றை வைத்திருப்பவர்கள் புதிய மென்பொருளுக்கு மாறத்தான் வேண்டும். செலவில்லாமல் வேண்டுமென்றால் தண்டர்பேர்ட் போதும்.

"சான்றிதழ் செல்லாது" என்ற எச்சரிக்கை வந்தால் பணிப்பட்டையில் தேதியைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. கரண்ட் போய்ப் போய் வருகிற அந்த மாதங்களில் இந்தப் பழுது கூடுகிறது. மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற சிஆர் 2032 பேட்டரி, 3 வோல்ட், தீர்ந்துபோயிருக்கும். கரண்ட் அறுந்து வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போகும். சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் கணினி அதை நம்ப மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் மெயில் வரும், ஆனால் அடுத்த மின்தடையில் மறுபடி நிற்கும். பேட்டரியை மாற்றுவதுதான் தீர்வு. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியின் ஓரத்துப் பிடியை நகத்தால் தள்ளினால் அது எழும்பி வரும். கூட்டல் குறி மேல்பக்கம் இருக்கப் புதியதை வையுங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் இருக்கும் அலுவலகங்களில், பேட்டரி உட்காரும் தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். அதைத் துடைக்காமல் புது பேட்டரி போட்டாலும் பலன் இராது.

தேதி சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை வந்தால் ஆன்டிவைரஸின் மெயில் ஸ்கேனை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அது சர்வருக்கும் மெயில் நிரலுக்கும் நடுவில் தன் சான்றிதழை நீட்டுகிறது. நிறுத்தியதும் மெயில் வந்தால் ஆன்டிவைரஸைப் புதுப்பியுங்கள். நிறுத்தியபடியே விட்டுவிடாதீர்கள்.

பாப் கணக்கில் வேறொரு வகைக் கோளாறு உண்டு. 37இல் 14ஆவது மெயில் இறங்குகிறது என்று காட்டி அங்கேயே நிற்கும். மறுபடி முயன்றாலும் 14இலேயே நிற்கும், முதல் 13 மெயில்களும் இரட்டை இரட்டையாக வரத் தொடங்கும். தொடர்பு முறைப்படி முடிந்தால்தான் சர்வர், இறங்கியதை நீக்கும். நடுவில் அறுந்தால் எதுவும் நடக்காததுபோல் இருந்துவிடும். அந்த 14ஆவது மெயில் பெரிய இணைப்புடனோ சிதைந்தோ இருக்கிறது. சொந்த டொமைன் கணக்கென்றால், பிரவுசரில் இன்பாக்ஸைத் திறந்து அந்த மெயிலை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பாப் இன்பாக்ஸை மட்டுமே எடுக்கும், மற்றவை வரிசையாக இறங்கும். இணைப்பு மெதுவாக இருப்பதுதான் காரணமென்றால், அவுட்லுக்கில் மோர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் சர்வர் டைம்அவுட் 1 நிமிடமாக இருப்பதை 5 நிமிடமாக்குங்கள்.

மெயில் கோப்பே கெட்டிருக்கலாம், அல்லது நிறைந்திருக்கலாம். அவுட்லுக் 2010 முதல் பிஎஸ்டி கோப்பின் வரம்பு 50 ஜிபி. 2003க்கு முற்பட்ட அவுட்லுக்கில் தொடங்கிய கோப்பை அப்படியே கொண்டுவந்திருந்தால் வரம்பு 2 ஜிபிதான், அதைத் தொட்டதும் வாங்குவது நின்றுவிடும். ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் என்று போனால் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். அவுட்லுக்கை மூடி, அந்தக் கோப்பை முதலில் பென் டிரைவுக்கோ வெளி ஹார்டு டிஸ்க்குக்கோ நகலெடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, அப்போது வடிவை மாற்ற வேண்டும். நகல் கையில் வந்த பிறகுதான் ஆபிஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற பழுதுநீக்கியை ஓட்ட வேண்டும். ஒரே ஓட்டத்தில் தீராது, பிழை இல்லை என்று சொல்லும்வரை ஓட்டுங்கள். யுபிஎஸ் இல்லாமல் திடீர் திடீரென்று அணையும் கணினிகளில் இந்தக் கோப்பு கெடுவது அடிக்கடி நடக்கிறது.

தண்டர்பேர்டில் ஒரு ஃபோல்டரின் எல்லா மெயிலும் வழக்கமாக ஒரே கோப்பில் இருக்கும். அதில் ஒரு மெயிலில் வைரஸ் இருந்தால், ஆன்டிவைரஸ் முழு இன்பாக்ஸ் கோப்பையும் பிடித்து அடைத்துவிடும். இன்பாக்ஸ் ஒரே இரவில் காலியானால் ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோப்பு நன்றாக இருந்தும் பட்டியலில் மெயில் தெரியாவிட்டால், ஃபோல்டரை வலது கிளிக் செய்து பிராபர்ட்டிஸில் ரிப்பேர் ஃபோல்டர் கொடுங்கள்.

உங்கள் சங்கங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டுதான். அலுவலக மெயிலின் மீட்பு எண் அலுவலகத்துக்கே சொந்தமான சிம்மில் இருக்கட்டும், மீட்பு முகவரியும் அலுவலகத்தினுடையதாகவே இருக்கட்டும். கணக்கைத் திறந்து கொடுத்த தம்பி இப்போது வளைகுடாவில், சரிபார்ப்பு எண் போவது அவர் போனுக்கு என்ற நிலையில் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. கணக்கு பாப் முறையா ஐமேப் முறையா, பிஎஸ்டி கோப்பு எங்கே, டொமைன் எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு நோட்டில் எழுதி, செயலாளர் கையெழுத்தோடு பீரோவில் வைக்கட்டும். பழுது பார்க்க வருபவர் கணினியைத் தொடுமுன் அந்த நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். மெயில் கோப்பின் நகலை எடுத்து உங்கள் கையில் தந்த பிறகே அவர் வேலையைத் தொடங்க வேண்டும். தரவில்லையென்றால், அவர் எங்களில் ஒருவராகவே இருந்தாலும், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்க்கும் தொழிலாளர்கள்,
நாகர்கோவில்.