செஞ்சி சுத்துவட்டார மண்பாதைகளை சைக்கிள் ஓட்டுற பாதையா குறிச்சுத் தரச் சொல்லி கலெக்டருக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், விழுப்புரம் மாவட்டம்.

பொருள்: செஞ்சிக் கோட்டை, திருநாதர்குன்று, சிங்கவரம், மேல்சித்தாமூர், மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை இதையெல்லாம் இணைக்கிற பழைய மண்பாதைகளையும் ஏரிக்கரைகளையும் சைக்கிள் ஓட்டுற பாதையா அறிவிக்கக் கேட்டு.

ஐயா, வணக்கம்.

நாங்க செஞ்சி டவுன்லயும் சுத்தி இருக்கிற கிராமங்கள்லயும் இருக்கிறவங்க. லீவு நாள் வந்தா மலை சைக்கிள், அதான் பசங்க எம்டிபின்னு சொல்றாங்களே, தடி டயரும் முன்னாடி சஸ்பென்ஷனும் இருக்கிறது, அதை எடுத்துக்கிட்டு ஏரிக்கரை, வண்டிப்பாதை, மலையடிவாரம்னு சுத்துற ஆளுங்க. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணின்னு எவ்வளவோ அவசரத்தோட ஜனங்க நிக்கிறப்போ சைக்கிளுக்கு ஒரு மனுவான்னு உங்களுக்கு தோணலாம், தோணறது நியாயம்தான். ஆனா நாங்க கேக்கறதுல முக்கால்வாசி ஒரு உத்தரவும் கொஞ்சம் போர்டும்தான், புதுசா எதையும் கட்டச் சொல்லல, சொல்லப்போனா சில இடத்துல எதையும் கட்டாம விடுங்கன்னுதான் கேக்கறோம்.

2025 ஜூலைல யுனெஸ்கோ மராத்தியர் ராணுவ நிலப்பரப்புன்னு 12 கோட்டைகளை உலக பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது உங்களுக்கு தெரியும், 11 மகாராஷ்டிராவுல, மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி. சந்தோஷம்தான். ஆனா வர்ற ஜனம் எப்படி வருதுன்னு பாருங்க, திண்டிவனம் - திருவண்ணாமலை ரோட்டுல கார்ல வர்றாங்க, கோட்டையில ராஜகிரி மலை ஏறினவங்க ஏறுறாங்க, ஏறாதவங்க கல்யாண மகால் முன்னாடி நாலு போட்டோ எடுத்துக்கிட்டு அப்படியே திருவண்ணாமலைக்கு போயிடறாங்க. 1677ல சிவாஜி பிடிச்சது, அப்புறம் அவர் பையன் ராஜாராம் உள்ள உக்காந்துக்கிட்டு முகலாயப் படையை வருஷக்கணக்கா காக்க வச்சது, 1698ல கோட்டை முகலாயர் கைக்கு போனது, 1714ல தேசிங்கு ராஜா செத்தது, 1750ல பிரெஞ்சுக்காரன் ராவோட ராவா பூந்தது, 1761ல இங்கிலீஷ்காரன் பிடிச்சது, இவ்வளவும் கோட்டையோட மூணு மலைக்குள்ள நடந்த கதை. இதுக்கெல்லாம் ஆயிரம் வருஷம் முன்னாடி நடந்த சங்கதிங்க சுத்தி இருக்கிற கிராமத்துல கிடக்கு, அந்தப் பக்கம் எட்டிப் பாக்க வெளியூர் ஆளுங்களுக்கு வழியும் தெரியாது நேரமும் கிடையாது.

டவுனுக்கு வடக்கால சிங்கவரம் போற வழியில திருநாதர்குன்று. ஒரே பாறையில ரெண்டு வரிசையா பன்னெண்டு பன்னெண்டா சமண குருமார்களான 24 தீர்த்தங்கரர்களை செதுக்கி வச்சிருக்காங்க. அங்கயே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டதை சொல்ற கல்வெட்டு இருக்கு, சுமார் 6ஆம் நூற்றாண்டு, தமிழ்ல 'ஐ'ங்கற எழுத்து முதல்ல காணக் கிடைக்கிறது அதுலதான்னு கல்வெட்டு அறிஞர்கள் சொல்றாங்க. அதை தாண்டினா சிங்கவரம், பல்லவர் காலத்து குடைவரை, அதாவது பாறையை குடைஞ்சு எடுத்த கோயில், பெருமாள் மலைக்குள்ளயே படுத்திருக்கார். கிழக்கால போனா மேல்சித்தாமூர், தமிழ்நாட்டு சமணர்களுக்கு தலைமை மடம் இருக்கிற ஊர், பெரிய பார்சுவநாதர் கோயிலும் பாறையில செதுக்கின மலைநாதர் கோயிலும் இருக்கு, தேர்த்திருவிழா நடக்கும். செஞ்சியிலயே பொறந்து வளந்தும் இந்த ஊருக்கு ஒரு தடவைகூட போகாதவங்க எங்க கூட்டத்துலயே இருந்தாங்க, சைக்கிள் வந்த பிறகுதான் பாத்தாங்க.

தெக்கால விழுப்புரம் பக்கம் வந்தா மண்டகப்பட்டு. பல்லவ ராஜா மகேந்திரவர்மன் செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் கோயில் எடுத்தேன்னு கல்லுல எழுதி வச்சிருக்கிற இடம். தமிழ்நாட்டு கல் கோயில் கதையை யார் எழுதினாலும் இங்கதான் ஆரம்பிப்பாங்க, ஆனா அந்த வழியா பஸ்ல போறவங்கள்ல பாதி பேருக்கு உள்ளே அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. கொஞ்ச தூரத்துல தளவானூர், அதே ராஜாவோட சத்ருமல்லேசுவரம் குடைவரை, வாசல் மேல மகர தோரணம் அவ்வளவு அழகு. பனமலையில ஏரிக்கரையை ஒட்டி குன்று மேல பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டின தாளகிரீசுவரர் கோயில், பார்வதி ஓவியம் ஒண்ணு பாதி அழிஞ்சும் இன்னும் கண்ணுக்கு தெரியுது. சாயங்காலம் அந்த குன்று மேல நின்னு ஏரியை பாத்தவங்க ஊட்டியைப் பத்தி பேச மாட்டாங்க, இது எங்க அபிப்பிராயம்.

இப்போ ஏன் சைக்கிள்னு கேப்பீங்க. இந்த எடங்களுக்கு நடுவுல இருக்கிற நிலம் அப்படி. செங்குத்தான மலையும் இல்ல, தட்டையான காவேரிக்கரையும் இல்ல, செம்மண் மேடு, இறக்கம், மறுபடி மேடு, நடுவுல உருண்டைப் பாறைக் குன்னுங்க, கரைக்கு கரை பனைமரம், மல்லாட்டைக் கொல்லை, கீழ நெல்லு. கார் போக முடியாத வண்டிப்பாதை ஏகப்பட்டது இருக்கு, நடந்தா ஒரே நாள்ல மூணு எடம் பாக்க முடியாது, சைக்கிள்ல காலைல கிளம்பினா மதிய சாப்பாட்டுக்குள்ள திருநாதர்குன்றும் சிங்கவரமும் பாத்துட்டு மேல்சித்தாமூர் போய் சேந்துடலாம். பாண்டிச்சேரிலேருந்தும் சென்னைலேருந்தும் சைக்கிளை கார் மேல கட்டிக்கிட்டு ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க, அவங்க வந்து எந்தப் பாதையில போலாம்னு எங்களைத்தான் கேக்கறாங்க. ரயில்ல வரலாம்னா திண்டிவனத்துலதான் இறங்கணும், செஞ்சி வழியா ரயில் பாதை வரும்னு எங்க அப்பா காலத்துலேருந்து சேதி வந்துக்கிட்டே இருக்கு, அது வேற மனு.

கஷ்டம் எங்கன்னா, பாதை ஒண்ணு, அதுக்கு சொந்தக்காரங்க பல பேரு. பெரிய ஏரியோட கரை நீர்வளத் துறை, சின்ன ஏரி ஊராட்சி ஒன்றியம், வண்டிப்பாதை வருவாய்த் துறை கணக்குல, பாக்கம் மலைப் பக்கம் போனா காப்புக்காடு, வனத்துறை. நினைவுச் சின்னம்னா தொல்லியல் துறை, கும்பிடுற கோயில்னா அங்க அறநிலையத் துறையும் வரும். ஒரே காலையில ஓட்டுற வழியில நாலு துறை வரும்னா யார்கிட்ட பர்மிஷன் கேக்கறது? ஒரு ஆபீஸ்ல கேட்டா இன்னொரு ஆபீஸை கைகாட்டறாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்க எல்லைக்குள்ள இருக்கிறதைத்தானே அவங்க சொல்ல முடியும். இத்தனை பேரையும் ஒரே மேசையில உக்கார வைக்கிற அதிகாரம் மாவட்டத்துல உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு, அதனாலதான் இந்த மனு உங்களுக்கு.

பாதை தெரியாததால இப்போ எல்லாரும் மெயின் ரோட்டுலயே ஓட்டுறாங்க. டிப்பர் லாரியும் வெளியூர் பஸ்ஸும் போற ரோட்டுல ஓரத்துல மண்ணு சரிஞ்சு கிடக்கு, சைக்கிள்காரன் எங்க போவான், அதுவும் அமாவாசைக்கு மேல்மலையனூர் போற கூட்டம் சேந்துட்டா சொல்லவே வேணாம்.

அதனால நாங்க கேக்கறது முதல்ல ஒரு கூட்டம். இந்த துறை அதிகாரிங்க, வழியில இருக்கிற ஊராட்சித் தலைவர்கள், எங்கள்ல ரெண்டு பேர் உக்காந்து, எந்தப் பாதையில சைக்கிள் போலாம் எதுல போகக்கூடாதுன்னு மேப்ல கோடு போட்டு, உங்க கையெழுத்தோட ஒரு உத்தரவா வரணும். போகக்கூடாதுங்கறதையும் அதுல சேத்துத்தான் கேக்கறோம். கோட்டைக்குள்ள படிக்கட்டுல சைக்கிள் இறக்கி வீடியோ போடணும்னு சில பேருக்கு ஆசை இருக்கு, அதை கண்டிப்பா தடுக்கணும், திருநாதர்குன்று பாறை மேலயும் டயர் படவே கூடாது. காப்புக்காட்டுல அனுமதி இல்லாம நுழையறதும் தப்பு, வனத்துறை எந்த எல்லை வரைக்கும்னு சொல்றாங்களோ அதோட நிறுத்திக்கலாம். கோட்டை வாசல்லயும் மத்த எடங்கள்லயும் சைக்கிளை பூட்டி வைக்க ஒரு இரும்புக் கம்பியும் நிழலும் இருந்தா யாரும் உள்ளே தள்ளிக்கிட்டு போக மாட்டாங்க, இன்னைக்கு ஒரு நல்ல எம்டிபி பழைய பைக் விலை, வெளிய விட்டுட்டு நிம்மதியா சாமி கும்பிட முடியாது.

வழிகாட்டி போர்டு விஷயத்துல ஒண்ணு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தை சுத்தி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கப்புறம் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதின்னு 2010ல திருத்தின சட்டம் சொல்லுது, அதனால எங்க போர்டு எல்லாத்தையும் அதுக்கு வெளிய கூட்டு ரோட்டுலயும் ஏரிக்கரை முனையிலயும் வச்சா எந்த சிக்கலும் வராது. பெரிய பிளக்ஸ் வேணாம் ஐயா, முட்டி உயரத்துக்கு ஒரு கல்லு நட்டு அம்புக்குறி, அடுத்த ஊர் பேரு, எத்தனை கிலோமீட்டர், இது தமிழ்ல இருந்தா போதும், மைல்கல் மாதிரி.

அப்புறம் தயவுசெஞ்சு அந்தப் பாதைங்களுக்கு தார் போட்டுடாதீங்க. ஊருக்குள்ள ஜனங்க கேக்கற ரோடை போடுங்க, அதுல எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்ல, ஆனா ஆளு குடியில்லாத ஏரிக்கரை மேல தார் போட்டா அடுத்த மாசமே பைக் பறக்கும், கரையும் போகும். வேணும்னா 100 நாள் வேலைல வழியோட ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலத்தை வேரோட எடுக்கச் சொல்லுங்க. அந்த முள்ளுதான் எங்க முதல் எதிரி, எந்த டயரையும் விடாது, டியூப்லெஸ் டயர்ல ஓட்டையை தானா அடைக்கிற சீலண்ட் ஊத்தினவங்களே சில நாள் தள்ளிக்கிட்டு வர்றாங்க. ஊர் பஞ்சர் கடைக்கு போனா அவர்கிட்ட இருக்கிறது நம்ம சாதா சைக்கிள் டியூப், எங்க டியூப்ல காத்தடிக்கிற இந்த மெல்லிசு பிரெஸ்டா வால்வுக்கு அவர் பம்பு சேராது, சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணு வாங்கி வச்சா முடிஞ்சுது. வழியில இருக்கிற கடைக்காரங்களுக்கு அதை நாங்களே வாங்கிக் கொடுத்து எப்படி மாட்டறதுன்னும் காட்டறோம், அரசாங்கம் இதுக்கு செலவு பண்ண வேணாம்.

இது விலை ஒசந்த சைக்கிள் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. அரசாங்கம் கொடுக்கிற விலையில்லா சைக்கிள் நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு நிக்குது, சிங்கவரம் வழியில அந்த சைக்கிள்ல எங்களை தாண்டிப் போற பசங்க இருக்காங்க, கியர் கிடையாது ஒண்ணும் கிடையாது. பள்ளிக்கூடத்து வரலாற்று வாத்தியாருங்க ஒரு சனிக்கிழமை பிள்ளைங்களை இந்த வழியில கூட்டிட்டு போனா அவங்களுக்கும் அது பாடம்தானே.

விவசாயிங்க பக்கமும் யோசிச்சுட்டுத்தான் எழுதறோம். அறுவடை நேரத்துல பாதையில நெல்லு காயும், டிராக்டர் நிக்கும், மாடு போகும், அவங்களுக்குத்தான் முதல் உரிமை, நாங்க இறங்கி தள்ளிக்கிட்டு போறோம். அவங்க கொல்லை வரப்பு மேல ஓட்டக்கூடாதுன்னும் உத்தரவுலயே போட்டுடுங்க. மழை பேஞ்ச ரெண்டு மூணு நாளைக்கு கரை ஈரமா இருக்கிறப்போ சைக்கிளை விடக்கூடாது, டயர் தடம் வாய்க்கால் மாதிரி பதிஞ்சு அடுத்த மழைல அதுலயே தண்ணி இறங்கி கரை அரிக்கும், அப்போ பாதையை ஊராட்சியே மூடி வச்சு திறக்கட்டும்.

மொத்தத்தையும் ஒரே நேரத்துல கேக்கல. முதல்ல செஞ்சி - திருநாதர்குன்று - சிங்கவரம் வழியை மட்டும் குறிச்சு கொடுங்க, தூரம் கம்மி, ஒரு சீசன் ஓட்டிப் பாத்து ஜனங்களுக்கு தொந்தரவு இல்லைன்னு தெரிஞ்சா மேல்சித்தாமூர், அப்புறம் மண்டகப்பட்டு பக்கம் போலாம். நாங்க ஓட்டின பாதைங்களோட ஜிபிஎஸ் தடத்தையும், எந்தெந்த எடத்துல ஓடை குறுக்கிடுது, எங்க குடிதண்ணி கிடைக்கும்னு குறிச்ச மேப்பையும் இதோட இணைச்சிருக்கோம். கூட்டத்துக்கு தேதி சொன்னா வந்துடறோம், அதிகாரிங்க நேர்ல பாக்கணும்னா காலைல ஆறு மணிக்கு வந்தா வெயிலுக்கு முன்னாடி சிங்கவரம் வரைக்கும் போய் வந்துடலாம், சைக்கிள் நாங்க ஏற்பாடு பண்றோம்.

இப்படிக்கு,
செஞ்சி சுத்துவட்டாரத்துல சைக்கிள் ஓட்டுறவங்க

இணைப்பு: பாதை மேப், கையெழுத்துத் தாள்கள்