பள்ளிக் காய்கறித் தோட்டத்தில் நம் பொறுப்புகள்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியை எழுதும் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் பின்புறத் திடலில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு சேர்ந்து நாம் நடத்திவரும் காய்கறித் தோட்டம் நான்காம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. அங்குள்ள 24 பாத்திகளில் 20 பாத்திகளை உறுப்பினர் குடும்பங்களும் எஞ்சிய நான்கை மாணவர்களும் பராமரித்து வருகின்றனர். புதிய ஆண்டுக்கான உறுப்பியத்தைப் புதுப்பிக்கும் முன்னர், கடந்த ஆண்டு நடந்தவற்றை மறைக்காமல் உங்களிடம் எடுத்துச் சொல்லி, ஒவ்வோர் உறுப்பினரும் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதைத் தெளிவாக எழுத்தில் வைப்பது என் கடமை என்று கருதுகிறேன். பாத்தி இல்லாத குடும்பங்களும் இக்கடிதத்தைப் படிக்க வேண்டுகிறேன். நிலம் பள்ளிக்குரியது என்பதால் அதன் நன்மை தீமை எல்லாப் பிள்ளைகளையும் சேரும்.

கடந்த பிப்ரவரியில் மூன்று வாரங்களுக்கு மேல் மழையே இல்லை. அந்நாள்களில் ஒரு காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் பூவாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, தன் குடும்பத்தின் பாத்தியைக் கடந்து, பக்கத்துப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "அது காயுது டீச்சர்" என்று மட்டும் சொன்னான். முதலில் என் மனம் நெகிழ்ந்தது. சபைகூடலில் அவனைப் பாராட்டவும் செய்தேன். ஆனால் அன்று மாலை பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான், பெரியவர்கள் தாங்கள் நீர் பாய்ச்ச வேண்டிய முறைக்கு வராததால் ஏழு பாத்திகளின் பாரம் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கைகளில் விழுந்திருந்தது எனக்குப் புரிந்தது. அவன் செய்தது நல்ல செயல். அவன் அதைச் செய்யும்படி நாம் விட்டது நல்ல செயல் அன்று. இக்கடிதம் எழுதுவதற்கு அந்தக் காலைதான் காரணம்.

யாரையும் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. நம் பெற்றோரில் பலர் பினாங்கின் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் உள்ள தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்கிறார்கள். இரவு வேலை முடித்து வருபவர் காலையில் நீர் பாய்ச்ச வர முடியாது என்பதை நான் நன்கு அறிவேன். முதலாண்டில் நாங்கள் போட்ட முறைப் பட்டியல் வேலை நேரத்தைக் கேளாமல் அகரவரிசைப்படி போடப்பட்டது. அது பள்ளி நிர்வாகத்தின் பிழை. இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற கிழமையையும் வேளையையும் முதலில் எழுதிக் கொடுக்கும். அதைக் கொண்டே பட்டியல் தயாராகும். தாமே தேர்ந்த முறைக்கு வர இயலாதபோது, முந்தைய இரவுக்குள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் தெரிவித்து, வேறொருவரை ஏற்பாடு செய்வது அந்தக் குடும்பத்தின் பொறுப்பாகும். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று இருந்துவிடும் நாளில், பெரும்பாலும் பார்த்துக்கொள்பவர் ஒரு மாணவராகவோ பள்ளிக் காவலராகவோதான் இருக்கிறார்.

தண்ணீரின் கணக்கைச் சற்று விளக்க விரும்புகிறேன். நம் வெயிலில் ஈர மண்ணும் இலைகளும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர் நீரை இழக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் கொண்ட நம் பாத்தி ஒன்றுக்கு, மழையில்லாத நாளில், 16 முதல் 20 லிட்டர் வரை வேண்டும். அதாவது பத்து லிட்டர் பூவாளியில் இரண்டு நடை. மேல் மண் நனைந்தது போதும் என்று அரை வாளி தெளித்துவிட்டுப் போனால், வேர் நீரைத் தேடி மேலே வந்து, மறுநாள் வெயிலில் இன்னும் விரைவாக வாடும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் முன்னோர் சொன்னது தமிழகத்துப் பருவத்துக்கு. பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள், செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்தவை. ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி பெறும் குடும்பம் மிகக் கடினமான இரு மாதங்களிலிருந்தே தொடங்குகிறது என்பதை அறிந்து கையொப்பமிட வேண்டும். காய்ந்த புல்லையோ உதிர்ந்த இலையையோ மூன்று விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் நெடுநேரம் நிற்கும்.

2024 ஜனவரியில் பினாங்கின் பல பகுதிகளில் நான்கு நாள்கள் நீர் விநியோகம் நின்றபோது, வீட்டில் குடிக்க நீர் சேமித்துக்கொண்டிருந்த எவரிடமும் செடிக்குத் தண்ணீர் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகே கூரைநீரைப் பிடிக்கும் பீப்பாய்கள் வைத்தோம். ஆனால் அந்தப் பீப்பாய்களே கடந்த ஆண்டு நமக்கு மிகப் பெரிய கவலையைத் தந்தன. வலைமூடி விலகியிருந்த ஒரு பீப்பாயிலும், எவரோ விட்டுச் சென்ற இரண்டு பூந்தொட்டித் தட்டுகளிலும் கொசுப்புழுக்களைக் கண்டோம். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள்களே போதும். ஒரு வாரப் பள்ளி விடுமுறையில் எவரும் எட்டிப் பார்க்காவிட்டால் அந்தக் காலம் அப்படியே கிடைத்துவிடுகிறது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு இனப்பெருக்கத்துக்கு இடம் கொடுத்தவருக்கு அபராதம் விதிக்கலாம். அபராதத்தைவிட, பகலில் கடிக்கும் அந்தக் கொசு பகல் முழுவதும் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளைத்தான் முதலில் தேடும் என்பதே என் அச்சம். எனவே இதில் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை: முறைக்கு வருபவர் நீர் பாய்ச்சும் முன் பீப்பாய்களின் மூடியைச் சரிபார்த்து, கவிழ்க்க வேண்டிய பாத்திரங்களைக் கவிழ்த்து, பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். தொட்டித் தட்டுகளைத் தோட்டத்துக்குள் கொண்டுவரவே கூடாது.

அடுத்து, பாத்தியைக் கைவிடுதல். வேலை மாறலாம், வீட்டில் நோய் வரலாம், பிறப்பும் இறப்பும் நேரலாம். அப்போது தோட்டம் கடைசி இடத்துக்குப் போவது இயல்பே. சென்ற ஆண்டு ஒரு குடும்பம் அப்படியொரு துயரத்தில் இருந்தபோது, சொல்லக் கூச்சப்பட்டு எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டது. கவனிப்பாரற்ற அந்தப் பாத்தியின் கத்தரிச் செடிகளில் வெள்ளை ஈ பெருகி, அடுத்தடுத்த மிளகாய்ப் பாத்திகளுக்குப் பரவி, இலைகள் சுருண்டு, ஐந்து குடும்பங்களின் மிளகாய் முழுவதும் வீணாயிற்று. பாத்தியைத் திருப்பித் தருவதற்கு நாம் ஒரு வழியையே வகுத்திருக்கவில்லை. வகுத்திருந்தால் அவர்களுக்கு அந்தக் கூச்சம் நேர்ந்திராது. இனி எந்தக் குடும்பமும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் பாத்தியைத் திருப்பித் தரலாம். எவரும் காரணம் கேட்கக் கூடாது. சில வாரங்களுக்கு மட்டும் உதவி தேவைப்பட்டால், அதை என்னிடமோ தோட்டப் பொறுப்பாசிரியரிடமோ தனியாகச் சொன்னால் போதும். ஆனால் சொல்லாமல் இரு வாரங்களுக்கு மேல் வராவிட்டால், பொறுப்பாசிரியர் தொலைபேசியில் அழைப்பார். மேலும் ஒரு வாரம் கடந்தும் நிலைமை மாறாவிட்டால், பாத்தி காத்திருக்கும் குடும்பம் ஒன்றுக்கு வழங்கப்படும். இப்போது 11 குடும்பங்கள் காத்திருக்கின்றன.

பறிப்பதும் ஒரு கடமைதான். வெண்டைக்காயை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் அது முற்றி நாராகிவிடுவதோடு, செடி தன் வலிமையையெல்லாம் விதையில் செலுத்திப் புதிய காய் வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கங்கோங் கீரை 25 முதல் 30 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அதைக் கடந்தால் தண்டு தடிக்கும். அதே வேளையில், முற்றிக் கிடக்கிறதே என்ற நல்லெண்ணத்திலும் பிறர் பாத்தியில் கேட்காமல் கை வைக்க வேண்டாம். விதையிட்ட நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வரும் பிள்ளைக்கு, தன் முதல் கத்தரிக்காய் காணாமற்போனது சிறிய இழப்பன்று. அந்த அழுகையை நான் என் அறையில் கண்டிருக்கிறேன். உரியவரிடம் கேளுங்கள், மூன்று நாளாகியும் பதில் இல்லையெனில் பொறுப்பாசிரியர் பறித்துப் பொதுக் கூடையில் வைப்பார். பொதுக் கூடையிலிருந்து எந்தக் குடும்பமும், பாத்தி இல்லாதவர்களும், தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

மருந்து அடிப்பது பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நம்மில் பலருடைய அம்மாவும் பாட்டியும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்கள். "தோட்டம்" என்ற சொல்லைக் கேட்டாலே நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது அந்தத் தோட்டம்தான்; லயத்து வீட்டுக்குப் பின்னால் அவர்கள் போட்டிருந்த முருங்கையும் அவரையும் கீரைப் பாத்தியும் அதற்குப் பிறகே நினைவுக்கு வரும். அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட்டை, 2002இல் தடைசெய்ய முடிவெடுத்து, 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தி, இறுதியில் 2020 ஜனவரி 1ஆம் தேதி முதல்தான் நம் நாடு முழுமையாகத் தடைசெய்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் நகம் கறுத்து உதிர்ந்தும் மூக்கில் இரத்தம் வடிந்தும் வேலைக்குப் போன பெண்களின் பேரப்பிள்ளைகளே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகையால் நம் பள்ளிக் காய்கறித் தோட்டத்துக்குள் எந்தக் களைக்கொல்லியும், எந்த இரசாயனப் பூச்சிக்கொல்லியும், சிறிதளவாயினும், வீட்டில் மீந்ததாயினும், வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இவ்விதியை மீறினால் உறுப்பியம் அன்றே முடிவுக்கு வரும். களையைக் கையால் பிடுங்குவோம். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறத்தில் தெளிக்கலாம். இயற்கை முறைப் பயிரிடலைப் பல ஆண்டுகளாகப் பரப்பிவரும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் நம் மாநிலத்திலேயே இருப்பதால், ஐயம் எழும்போது கேட்டறிய நமக்கு இடமும் உண்டு.

ஆப்பிரிக்க நத்தைகளைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூளையைத் தாக்கக்கூடிய ஒரு வகைப் புழுவை அவை சுமக்கக்கூடும். கையுறையோடு பெரியவர்களே அவற்றை அகற்ற வேண்டும், கீரையை ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவிச் சமைக்க வேண்டும்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால், ஒன்றை எடுத்த பாத்தியில் உடனே மற்றொன்றை நடாதீர்கள். மண்ணிலுள்ள வாடல் நோய் அப்படியே தொடரும். இடையில் பயற்றங்காயோ கீரையோ போடுங்கள். எருக்குழியில் சமைத்த உணவு, இறைச்சி, எண்ணெய் சேர்ந்தால் எலி வரும். காய்கறித் தோலும் முட்டை ஓடும் போதும், ஒரு பங்குக்கு மூன்று பங்கு காய்ந்த இலை சேர்த்து மூட வேண்டும். குப்பையைப் பிரித்துப் போடுவதைப் பினாங்கு கட்டாயமாக்கியுள்ளதால், வீட்டில் ஏற்கெனவே பிரிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கடினமாக இராது. பச்சைக் கோழி எருவை நேரடியாக இடவே வேண்டாம்.

ஆண்டுச் சந்தா ஒரு குடும்பத்துக்கு 30 ரிங்கிட். அது விதை, டோலமைட் சுண்ணாம்புத் தூள், வலை, குழாய் ஆகியவற்றுக்கே செலவாகும். வரவுசெலவுக் கணக்கைப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். சந்தா கட்ட இயலாத குடும்பம் அதற்கு ஈடாக இரண்டு கோத்தோங் ரோயோங் (கூட்டுப் பணி) நாள்களில் கூடுதலாக வந்தால் போதுமானது. இதை என்னிடம் மட்டும் சொன்னால் போதும். எல்லா உறுப்பினர்களும் பங்கேற்க வேண்டிய கோத்தோங் ரோயோங், ஒவ்வொரு மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 7.30 மணிக்குத் தொடங்கும்.

பள்ளி நேரத்தில் தோட்டத்துக்கு வருபவர்கள் காவலரிடம் பெயரைப் பதிந்து வருகையாளர் அட்டையை அணிந்தே உள்ளே வர வேண்டும். நெடுநாள் பழகியவர்களுக்கும் இதில் விலக்கில்லை. அரிவாளும் மண்வெட்டியும் பூட்டிய கொட்டகையிலிருந்து பெரியவர் கையெழுத்திட்டு எடுத்து, அவரே திருப்பி வைக்க வேண்டும். மாணவர்கள் தோட்டத்தில் நீர் ஊற்றலாம், விதைக்கலாம், பறிக்கலாம், பூச்சியை எண்ணலாம். ஆனால் தம் பெற்றோருக்கு விதிக்கப்பட்ட முறையைத் தனியே நிறைவேற்ற அவர்களை அனுப்பக் கூடாது. விடுமுறைக் கால முறைப் பட்டியலில் ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது மூன்று நாள்களை ஏற்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் தீபாவளிக்கும் ஆண்டிறுதிக்கும் தம் நாள்களை இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

இத்துடன் மறுமொழிச் சீட்டு ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. தொடர விரும்புவோர் தம் கிழமையையும் வேளையையும் எழுதிச் சீட்டின் முதல் கட்டத்துக்குள் கையொப்பமிடுங்கள். பாத்தியைத் திருப்பித் தர விரும்புவோர் இரண்டாம் கட்டத்துக்குள் அடையாளமிட்டால் போதும். வரும் வெள்ளிக்கிழமைக்குள் சீட்டை வகுப்பாசிரியரிடம் பிள்ளைகள் வழியே கொடுத்தனுப்புங்கள். அடுத்த திங்கட்கிழமை மாலை 5 மணிக்குப் புதிய பட்டியலோடு நான் பீப்பாய்களின் அருகில் இருப்பேன். வர முடிந்தவர்கள் அங்கேயே வந்து சந்திக்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியை
செபராங் பிறை, பினாங்கு