புதுசு வாங்கு கண்ணு, திறக்க முடிகிறதா என்று பார்த்து வாங்கு

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பெர்லினில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால் நம் ரிப்பேர் கடையை அடைத்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு ஃபோல்டு போன் வாங்கி வருகிறேன் என்றாய். வேண்டாம் கண்ணு. செலவை நினைத்துச் சொல்லவில்லை, நீ சம்பாதிக்கிறாய், வாங்குவாய் என்று எனக்குத் தெரியும். புதுச் சாமான் மேல் உனக்கு இருக்கிற ஆசையும் எனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேரே கடைக்கு வந்து, கழற்றிப் போட்ட டேப் ரிக்கார்டரின் பெல்ட்டையும் மோட்டாரையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளை நீ. அந்த ஆசை குறையவே கூடாது. ஆனால் இப்போது நீ ஒரு போனைப் பற்றிப் பேசினால் கேமரா என்ன, திரை எத்தனை ஹெர்ட்ஸ், சார்ஜ் எவ்வளவு வேகம் என்று எல்லாம் சொல்கிறாய். பின்மூடி திருகாணியில் நிற்கிறதா, பசையில் நிற்கிறதா என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

செப்டம்பரில் நீ போய் வந்தாயே பெர்லின் ஐ.எஃப்.ஏ. எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி, அது 1924-ல் வெறும் ரேடியோக் கண்காட்சியாகத் தொடங்கியது. 1930-ல் அதைத் திறந்துவைத்துப் பேசியவர் ஐன்ஸ்டீன். விஞ்ஞானம் தந்த அதிசயங்களை யோசனையில்லாமல் பயன்படுத்திக்கொண்டு, அவை எப்படி வேலை செய்கின்றன என்று எள்ளளவும் தெரிந்துகொள்ளாதவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றார் அவர். ருசித்து மேய்கிற செடியின் தாவரவியல் மாட்டுக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும் என்றார். அந்த இடத்தில் நீ நின்றுவிட்டு வந்தாய் என்பதே உன் தாத்தாவுக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

தாத்தா கடையில் இருந்தபோது மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று வால்வு ரேடியோ செட்டுகள் வரும். சாயங்காலம் இலங்கை வானொலி சரியாக எடுக்கவில்லை என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பல செட்டுகளில் பின்பலகையைக் கழற்றினால் உள்ளே சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். செய்தவனே, இதை ஒருநாள் ஒருவன் திறப்பான், அவனுக்கு வழி தெரிய வேண்டும் என்று நினைத்து ஒட்டிய காகிதம் அது. எந்த வால்வு எங்கே என்று அதில் பார்த்துத்தான் நான் தொழிலே கற்றேன். இன்றைக்கு வருகிற போனில் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி, சுற்றிலும் பசை. திறந்தால் பேட்டரிக்கு அடியிலும் பசை. சில கம்பெனி போன்களில் ஒரிஜினல் டிஸ்பிளேயையே இன்னொரு போனிலிருந்து எடுத்து மாட்டினாலும், தெரியாத உதிரிபாகம் என்று எச்சரிக்கை வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் டூப்ளிகேட் போட்டுவிட்டார் என்று கஸ்டமர் என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு மனசு வலிக்கிற இடம் அது.

நாகலூர் சித்தப்பாவிடம் ஒரு போன் கொடுத்துவிட்டுப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு வருஷம் போல வைத்திருந்துவிட்டு, புது மாடல் வந்ததும் கொடுத்தது. அதுதான் இப்போது ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. காய்த்துளைப்பான் விழுந்த காயைப் படமெடுத்து அனுப்புவது, மிளகு விலை பார்ப்பது, கூலி ஆட்களுக்குப் பணம் போடுவது எல்லாம் அதில்தான். போன மழையில் சார்ஜ் ஏறவில்லை, பின்மூடி வேறு தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ் பிடித்துக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். புதுசு வாங்கிவிடலாமா என்று கேட்டார். இருங்கள், பார்த்துவிடுகிறேன் என்றேன்.

பேட்டரி உப்பிப்போயிருந்தது. உள்ளே இருக்கிற திரவம் நாளாக நாளாகச் சிதைந்து வாயுவாகிப் பையை ஊதிவிடுகிறது. வெயிலும் ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடப்பதும் அதைச் சீக்கிரப்படுத்தும். இந்த மாதிரி பேட்டரியில் வழக்கம்போலச் சூடு காட்டிப் பசையை இளக்கக் கூடாது. சார்ஜை நன்றாக இறக்கிவிட்டு, பக்கத்தில் மணல் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓரத்தில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது உள்ளே இறங்கும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து நூல் நூலாக நகர்த்தினேன். இரும்புக் கருவி பக்கத்திலேயே வரக் கூடாது. பேட்டரியில் ஒரு கீறல் விழுந்தால் தீ. கடைப் பையன்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். பேட்டரி வந்த பிறகு சார்ஜிங் பின்னை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது, ஏற்காட்டு மஞ்சுமூட்டத்தின் வேலை. பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, இரண்டு கால்களை மறுபடி சோல்டர் வைத்தேன். புதுப் பேட்டரி போட்டு ஆன் செய்ததும், நீ வைத்துவிட்டுப் போன ஏரிக்கரைப் படம் திரையில் வந்தது. போர்டில் ஒரு குறையும் இல்லை கண்ணு. கேமராவும் புதுசு மாதிரியே இருக்கிறது. பேட்டரியும் ஒரு சின்னப் பின்னும்தான் போயிருந்தன. அதற்காக அந்தப் போனைக் குப்பை என்று எப்படிச் சொல்வது?

உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதே இந்த வேலை முடிந்த அன்றைக்குத்தான். ஏனென்றால் நான் கடையில் புலம்பிக்கொண்டிருந்ததை நீ இருக்கிற ஊரில் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய யூனியனில் புதிதாக விற்பனைக்கு வருகிற போன், டேப்லெட் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. ஒரு மாடல் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருஷத்துக்கு முக்கியமான உதிரிபாகம் கிடைக்க வேண்டும். ஐந்து வருஷமாவது சாஃப்ட்வேர் அப்டேட் தர வேண்டும். எண்ணூறு முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கின பிறகும் பேட்டரியின் கொள்ளளவில் எண்பது சதவீதம் நிற்க வேண்டும். நம் ஊர் ஃபிரிட்ஜில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற மாதிரி, அங்கே போனுக்கும் ஒரு லேபிள் உண்டு. கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று ஆங்கில எழுத்துப் போட்டு அதில் காட்டியிருப்பார்கள். ரிப்பேருக்கு ‘ஏ’ இருந்தால் நல்லது, ‘இ’ என்றால் கையே வைக்காதே. 2027 பிப்ரவரியிலிருந்து, சில விலக்குகளைத் தவிர, பேட்டரியைச் சாமான் வாங்கினவரே கழற்றி மாற்றும்படி வைக்க வேண்டும் என்று இன்னொரு சட்டமும் வருகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஃபேர்ஃபோன் என்று ஒரு கம்பெனி ரொம்ப நாளாகவே இப்படித்தான் செய்கிறது. 2023-ல் வந்த அவர்கள் மாடலில் பேட்டரியைக் கருவியே இல்லாமல் கையால் எடுத்துவிடலாம். இங்கேயும் 2022 டிசம்பரில் அரசாங்கம் ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு தளம் தொடங்கியது. ஆனால் ஸ்பேர் கொடுத்தே தீர வேண்டும் என்கிற உறுதி நமக்கு இன்னும் வரவில்லை.

இவ்வளவும் படித்தபோது கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. ரிப்பேர் தொழில் செத்துவிட்டது, கடையை விற்றுவிடு என்று சொன்னவர்கள் இந்த பஜாரில் எத்தனையோ பேர். அங்கே ஒரு கண்டமே உட்கார்ந்து யோசித்து, பழுது பார்ப்பது மனிதர்களின் உரிமை என்று எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே நீ உனக்கு வாங்கு, தாராளமாக வாங்கு. கடையில் முதலில் அந்த லேபிளைப் பார், அப்புறம் கேமராவைப் பார். இன்னொன்றும் கேட்கிறேன். ரிப்பேர் கஃபே என்று உங்கள் பக்கம் நடக்கிறதாமே, 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கினது. உடைந்த சாமானை எடுத்துக்கொண்டு போனால் தெரிந்தவர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்து தருவார்களாம். நீ ஒருமுறை ஹெட்போன் கொண்டுபோனதாகச் சொன்னாய். இனி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார், பாப்பா. உனக்குச் சோல்டரிங் தெரியும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், ஒயரைத் தொட்டதுமே எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லுகிற விரல் உனக்கு. சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அன்பாக்ஸிங் வீடியோ பார்க்கிறாய் அல்லவா, அதில் ஒரு சனிக்கிழமையை அங்கே கொடு. ஒரு பாட்டியின் ரேடியோ உன் கையில் பாடினால் எனக்கு எழுது. எந்த பேண்டு, எந்த கம்பெனி, என்ன கோளாறு என்று முழுசாக எழுது.

ஜப்பான் பயணத்துக்கு வருவோம். டோக்கியோவில் இரண்டு நாள், பிறகு ஒசாகா என்றாய். அங்கே கரண்ட் நூறு வோல்ட்தான். டோக்கியோவில் அது நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. டோக்கியோக்காரர்கள் 1895-ல் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. கம்பெனி ஜெனரேட்டரை வாங்கினார்கள், ஒசாகாவில் அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக். ஒரே நாடு இன்றுவரை இரண்டாக ஓடுகிறது, புஜி ஆறு ஒட்டித்தான் எல்லை. உன் போன், லேப்டாப் சார்ஜரில் இன்புட் 100–240 என்று போட்டிருக்கும், பயமில்லை. முடி நேராக்குகிற மெஷினை எடுத்துப் போகாதே. 230 வோல்ட்டுக்குச் செய்த சூட்டுக் கம்பியை நூறில் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் வரும். டோக்கியோவின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதி அகிஹபாராவில் அம்மாவுக்கு ரைஸ் குக்கர் வாங்குகிறேன் என்றாயே, அதுவும் வேண்டாம். அதை இங்கே கொண்டுவந்து செருகினால் கதை தலைகீழாகும், ஐந்து மடங்கு சூடு ஏறி அன்றைக்கே கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சோறாக்க அம்மாவுக்குப் பொறுமை கிடையாது.

பவர் பேங்கை லக்கேஜில் போடாதே, கைப்பையில்தான் வைக்க வேண்டும். நூறு வாட்-ஹவர் வரை கேள்வி இல்லை. உன்னுடைய இருபதாயிரம் எம்.ஏ.எச். என்றால் ஆயிரத்தால் வகுத்து 3.7 வோல்ட்டால் பெருக்கினால் எழுபத்து நான்கு வாட்-ஹவர், சரியாகப் போகும். ஆனால் எழுத்து அழிந்திருந்தால் பிடுங்கி வைத்துவிடுவார்கள், அதனால் ஸ்டிக்கர் மேல் எழுத்து தெரிகிற மாதிரி கண்ணாடி டேப் ஒட்டி வை. இப்போது பல விமானங்களில் உள்ளே அதை உபயோகிக்கவும் விடுவதில்லை. லக்கேஜில் போடக் கூடாது என்பதும் சரிதான். கீழே சரக்கு அறையில் ஒரு பேட்டரி பற்றிக்கொண்டால் யார் போய்ப் பார்ப்பது?

எனக்கு என்ன வாங்கி வரலாம் என்று மறுபடி கேட்பாய். நல்ல ஸ்க்ரூ டிரைவர் பிட் செட் ஒன்று, அதில் ஐந்து இதழ் பிட்டும் மூன்று கால் பிட்டும் இருக்க வேண்டும். ஆன்டி ஸ்டாட்டிக் ட்வீசர் இரண்டு, ஒன்று வளைந்த முனை. நீ மாற்றிப்போட்ட பழைய போன்கள் டிராயரில் கிடக்குமே, அவற்றையும் கொண்டு வா. அவற்றில் ஒன்றைத்தான் எனக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன். எது என்று நீயே பார்த்துச் சொல். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் விமானத்தில் ஏற்றாதே, அங்கேயே பேட்டரி வாங்கிக்கொள்கிற பெட்டியில் போட்டுவிடு.

பெங்களூரில் இறங்கினதும் சேலம் பஸ் ஏறி, தொப்பூர் கணவாய் வந்ததும் போன் செய். நான் புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். அம்மா உனக்குத் தட்டுவடை செட் எந்தக் கடையில் வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். சித்தப்பா தோட்டத்தில் அப்போது பழம் பறிப்பு நடக்கும், இரண்டு நாள் மேலே போய் இருந்துவிட்டு வரலாம். லீவு எத்தனை நாள் என்று எழுது.

அன்புடன்,
அப்பா