தார் விழுவதற்கு முன் நடைபாதை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 118.9 கி.மீ. தடத்தைப் பற்றிய பேச்செல்லாம் ரயில் எப்போது ஓடும் என்பதிலேயே நிற்கிறது. சுரங்க நிலையத்துக்குக் கூரை போட்டு, மேலே மண் நிரப்பி, சாலையைத் திரும்பப் போடும் கட்டம்தான் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளுக்கு முக்கியம். நிலையத்திலிருந்து வெளியே வருகிறவர் காலை எங்கே வைப்பார் என்பது அப்போது முடிவாகிறது. தார் விழுந்துவிட்டால் பல வருடங்களுக்கு யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

முதலில் வாசல். வெள்ளம் உள்ளே இறங்காமலிருக்க வாசலைத் தெருவிலிருந்து உயர்த்திக் கட்டுகிறார்கள். சென்னைக்கு அது அவசியம். மூன்றடி உயர்த்தினால், ஓரடிக்குப் பன்னிரண்டடி என்ற விதிப்படி சக்கர நாற்காலிக்கு 36 அடிச் சரிவு வேண்டும். இடையில் நின்று மூச்சு வாங்க 5 அடிச் சமதளம். ஆக 41 அடி. இந்த இடத்தை முன்பே ஒதுக்காவிட்டால் கடைசி நேரத்தில் 15 அடிக்குள் ஒரு சரிவைத் திணிப்பார்கள். அதில் தனியாக யாரும் ஏற முடியாது. மழையில் இறங்குவது இன்னும் ஆபத்து. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி சாலை போட்டால், உயர்த்திய வாசலும் சில வருடங்களில் தாழ்ந்துபோகும்.

அடுத்து நடைபாதை. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், விளிம்பின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்கிறது சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ். வரைபடத்தில் அந்த அகலம் இருக்கும். தரையில் மின்வாரியத்தின் பில்லர் பெட்டி (தெருவோர மின் இணைப்புப் பெட்டி), விளக்குக் கம்பம், விளம்பரப் பலகை என்று ஆளுக்கு அரை மீட்டர் எடுத்துக்கொள்வார்கள். பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் ஓடுகளின் வரிசை நேராகப் போய் ஒரு பில்லர் பெட்டியில் முட்டி நிற்கும். ஓடு பதித்தவர் ஒருவர், பெட்டி வைத்தவர் இன்னொருவர். இவை எல்லாவற்றையும் சாலையை ஒட்டி ஒரு மீட்டர் பட்டைக்குள் மரங்களோடு சேர்த்து நிறுத்தினால் மீதி அகலம் நடப்பவருக்குக் கிடைக்கும்.

வீட்டு கேட்களும் சிக்கல்தான். கார் இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டித் தாழ்த்துவதால், முதியவர்கள் ஏறி இறங்கிச் சலித்துப்போய்ச் சாலையிலேயே நடக்கிறார்கள். நடைபாதையை ஒரே மட்டத்தில் விட்டு, சாலை ஓரப் பட்டையில் மட்டும் சரிவு கொடுத்தால் போதும். கார்தான் ஏறி இறங்கட்டும்.

நிலையக் கூரைக்கு மேல் கொட்டும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் 20, 25 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, நீர் தெளித்து, ஒவ்வொன்றையும் உருளையால் இறுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் பருவமழையிலேயே மண் அமுங்கி, நடைபாதைக் கற்கள் பல்லைக் காட்டும். மரம் வேண்டுமென்றால் அந்த இடத்தில் கூரைக்கு மேல் ஒன்றரை மீட்டர் நல்ல மண்ணாவது இருக்க வேண்டும். கட்டிட இடிபாடுகளைக் கொட்டி மூடினால் வேர் பிடிக்காது.

மயிலாப்பூர் கச்சேரி ரோடு போன்ற குறுகலான தெருவில் எல்லோருக்கும் இடம் கொடுக்க முடியாது. அங்கே கார் நிறுத்துவதைத்தான் முதலில் விட வேண்டும். திருமயிலையில் இரண்டு மெட்ரோ தடங்களும் பறக்கும் ரயிலும் சந்திக்கின்றன. அங்கே பேருந்து நிறுத்தம் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கு வாசலைத் தாண்டி ஒரு பக்கவாட்டு இடம் வெட்டிக் கொடுத்தால் வாசல் அடைபடாது.

ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் 500 மீட்டருக்கான சாலை வரைபடத்தை, தார் போடுவதற்கு மூன்று மாதம் முன்பாகவே வார்டு அலுவலகத்தில் ஒட்டிவைக்கட்டும். மின்வாரியம், குடிநீர் வாரியம், மாநகராட்சி மூன்றும் அதில் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்கட்டும்.

இப்படிக்கு,
மயிலாப்பூர் வாசகர்கள்